ஜெபத்துல வச்சிருக்கேன்

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொத்தானைக்கூடத் தொலைக்காத சலவைக்கடைக்காரர் அவர். கோட்டின் உள்பக்கம் மாற்றுப் பொத்தான் ஒன்று தைத்திருப்பார்களே, கோட்டின் சொந்தக்காரருக்கே தெரியாத பொத்தான், அதுகூட அவர் கடைக்குள் போனால் பத்திரமாகத் திரும்பி வரும். கடைக்கு வரும் ஒவ்வொரு துணிக்கும் ஒரு சீட்டு உண்டு. எண், ஆள், துணி, என்ன கறை, எப்போது பட்டது, எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்று ஆறு விவரம் அதில் இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் சீட்டு திரும்பி வரும். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘சொன்ன நாளில் கிடைக்கும். தவறினால் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்போம்.’ அப்படிக் கேட்க நேர்ந்தது இரண்டே முறைதான். இரண்டு முறையும் மின்சாரம் போனதால்தான் என்று, கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஊரில் அவருக்கு ஸ்தோத்திரக்காரர் என்று பெயர். காலை வணக்கத்துக்கு ஸ்தோத்திரம், துணி தயார் என்பதற்கு ஸ்தோத்திரம், தப்பான எண்ணுக்கு அழைத்தவரிடமும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொலைபேசியை வைப்பார். சபையில் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் எழுந்து நின்று ஜெபிக்கத் தொடங்கினால், விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே சுவரோரமாக நகர்ந்து சாய்ந்துகொள்வார்கள். ‘அன்பும் இரக்கமும் நீடிய சாந்தமும்’ என்று ஆரம்பித்தால் இருபது நிமிடம் நிச்சயம். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் அதே மனிதரின் ஜெபம் ஏழு விநாடி. அதிலும் கடைசி இரண்டு விநாடி கை கரண்டியின் மேல் இருக்கும்.

இதையெல்லாம்விட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும் அரை விநாடி கண்ணை மூடுவார், கையைத் துணிமூட்டையின் மேல் வைப்பார், “ஜெபத்துல வச்சிருக்கேன்” என்பார். சொல்லுகிற விதத்தில் ஒரு கனம் இருக்கும். கேட்டவர்கள் பாதிக் கஷ்டத்தைக் கடையிலேயே இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அவரும் நிம்மதியாக அடுத்த துணியை எடுப்பார். ஜெபம் மட்டும் நடக்காது.

மனிதர் கபடக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் இதில் வேடிக்கை. சொன்னதே செய்த மாதிரி என்று அவர் மனசார நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆண்டவருக்கும் இடையில் எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருப்பதாக எண்ணம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

குட்டு உடைந்தது ஒரு திங்கட்கிழமை.

பஸ் டிரைவர் தன் சீருடையை வாங்கிப்போக வந்தார். சபையில் இவர் பக்கத்து வரிசைக்காரர். மனிதர் முகம் வாடியிருந்தது. ஸ்தோத்திரக்காரர் சீருடையை மடித்து உறையில் போட்டுக்கொண்டே, “கவலைப்படாதீங்க. உங்க மாமியாரை ஜெபத்துல வச்சிருக்கேன். சீக்கிரமே எழும்பி உட்காருவாங்க பாருங்க” என்றார்.

பஸ் டிரைவர் இரண்டடி பின்னால் போனார்.

“எழும்ப வேண்டாம்ணே!”

“ஏன் அப்படிச் சொல்றீங்க? விசுவாசம் வேணும்.”

“அண்ணே, போன ஞாயித்துக்கிழமைதானே அடக்கம் பண்ணோம். நீங்கதானே கல்லறையில ஜெபம் பண்ணீங்க. அரைமணி நேரம் பண்ணீங்களே!”

ஸ்தோத்திரக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் “ஸ்தோத்திரம்” என்றது. பஸ் டிரைவர் சீருடையை வாங்கிக்கொண்டு, வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நிஜமாகவே மாமியார் பின்னால் வருகிறாரோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

திரைக்குப் பின்னால் ஏதோ மூச்சுத்திணறும் சத்தம் கேட்டது. அவர் மனைவிதான். வாய் நிறைய ஊசிகளை வைத்துக்கொண்டு சீட்டு குத்திக்கொண்டிருந்தவள், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வர நின்றிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் சிரித்தாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேக்காத.”

“எங்கே வச்சிருக்கீங்க?”

“எதை?”

“ஜெபத்துல வச்சிருக்கேன், ஜெபத்துல வச்சிருக்கேன்ங்கறீங்களே, எந்தக் கம்பியில வச்சிருக்கீங்க? சீட்டு குத்தியிருக்கா? எண் என்ன?”

“உனக்கு எல்லாத்துக்கும் விளையாட்டு.”

“விளையாட்டு இல்லீங்க. வாங்கின சாமானுக்குச் சீட்டு வேணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்.”

அன்று மாலைக்குள் ஒன்பதாம் கம்பி காலியானது. துணி தொங்கவிடும் கம்பிகள் கடையில் ஒன்பது உண்டு. கடைசிக் கம்பி குளிர்காலக் கோட்டுகளுக்கானது. இப்போது கோடை. அந்தக் கம்பியில் அவள் வெறும் ஹேங்கர்களை வரிசையாக மாட்டினாள். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் விழும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதி, வெறும் ஹேங்கரில் குத்தினாள். புதிதாக விழுந்தவற்றோடு விட்டாளா என்றால் இல்லை. அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். பழைய பாக்கியையும் யோசித்து யோசித்து எழுதினாள்.

‘எண் 4. தபால்காரர். முழங்கால். இடது.’

‘எண் 11. டைப்பிங் டீச்சர். பூனை. காணோம்.’

‘எண் 19. பாஸ்டர் ஐயா. பிரசங்கம். அவருக்கே தூக்கம் வருதாம்.’

எல்லாச் சீட்டிலும் கொடுக்க வேண்டிய நாள் என்ற இடத்தில் ‘சனிக்கிழமை’ என்று எழுதியிருந்தது. கடைக்கு வந்தவர்கள், காற்றில் ஆடும் காலி ஹேங்கர்களைப் பார்த்து, “இதெல்லாம் யாரோட துணி?” என்று கேட்டார்கள். “அவரோட ஸ்பெஷல் சலவை” என்று மனைவி பதில் சொன்னாள். ஸ்தோத்திரக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் சத்தம் போட முடியவில்லை. சீட்டு எழுதிய முறையில் குறை சொல்ல ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாக்கைக் கட்டிப்போடப் பார்த்தார். மதியத்துக்குள் நான்கு முறை அவிழ்ந்தது. புதன்கிழமை, வாய்க்குள் மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொண்டு வியாபாரம் செய்தார். வந்தவர் ஒருவர் தலைவலி என்று சொன்னதும் மிட்டாயோடு சேர்ந்து, “ஜெபத்துல வழ்ழிருக்கேன்” என்று வந்தது. மனைவி அதையும் அப்படியே எழுதினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பியில் முப்பத்தொரு சீட்டுகள் ஆடின. கடை காலியாக இருந்த நேரத்தில் அவர் கம்பிப் பக்கம் போனார். சும்மா ஒழுங்குபடுத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தார். இரண்டாம் எண்ணில் பஸ் டிரைவரின் மாமியார். அதற்கும் முன்னால், சுவரோரம் ஒட்டினாற்போல, ஒன்றாம் எண் தொங்கியது.

‘எண் 1. கடைக்காரர் மனைவி. போன வருஷம் கொடுத்தது.’

துணி என்ற இடமும் கறை என்ற இடமும் காலியாக இருந்தன.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் எப்போது கேட்டாள்? என்ன கேட்டாள்? எவ்வளவு யோசித்தும் தலைக்குள் ஒன்றும் வரவில்லை. போன வருடம் வந்த கோட்டுகளில் எது யாருடையது என்று இப்போது கேட்டாலும் சொல்லுவார். மனைவி கேட்டது மட்டும் ஞாபகமில்லை.

“என்ன, ஒண்ணாம் எண்ல விவரம் குறையுது?” என்றார், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

“வாங்கின ஆளு நிரப்பட்டும்னு விட்டிருக்கேன்” என்றாள், இஸ்திரியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“உன் முதுகுவலிதானே?”

“அது இந்த வருஷம்.”

“உன் தம்பி வேலை விஷயம்?”

“அவனுக்கு வேலை கிடைச்சு, அதை விட்டுட்டு, இன்னொண்ணும் கிடைச்சாச்சு.”

“மகளோட பரீட்சை.”

“வெளி ஆளுங்க முதல்ல. வீட்டு ஆளு கடைசி. கடையில அதுதானே முறை?” என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த பலகையை இஸ்திரிப் பெட்டியாலேயே காட்டினாள். “நாளைக்கழிச்சு சனிக்கிழமை. ஒண்ணும் தயாராகல. அப்ப என்ன பண்ணணும்?”

என்ன பண்ண வேண்டும் என்று அவரே தன் கையால் எழுதிய பலகை அது. மூன்று வண்ணத்தில் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, சீட்டுகளை எண் வரிசையில் அடுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒன்றாம் எண் மட்டும் கம்பியிலேயே இருந்தது. வரப்போகும் அவமானத்தை நினைத்துக் காலெல்லாம் கனத்தது. முதலில் யார் வீட்டுக்குப் போவது என்று யோசித்து, சிரமம் குறைவான இடமாக இருக்கட்டும் என்று பூனையைத் தேர்ந்தெடுத்தார்.

டைப்பிங் டீச்சர் கதவைத் திறந்தார். ஸ்தோத்திரக்காரர் வாசலிலேயே நின்று, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

“டீச்சர், உங்க பூனைக்காக ஜெபிக்கிறேன்னு சொன்னேன். ஜெபிக்கல. மன்னிச்சுக்கோங்க.”

“பூனையா?” என்று டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “அது வந்து நாலு மாசம் ஆச்சே பிரதர்.”

சோபாவில் பூனை படுத்திருந்தது. பக்கத்தில் மூன்று குட்டிகள்.

“உங்க ஜெபத்தாலதான் வந்துச்சுன்னு நான் சபையில எழும்பிச் சாட்சி சொன்னேனே. எல்லாருக்கும் முன்னால நீங்கதானே ‘ஆமென்’னு சத்தமாச் சொன்னீங்க?”

ஸ்தோத்திரக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த ஆமென் அவருக்கே ஞாபகம் வந்தது. நல்ல கணீரென்ற ஆமென்.

“நான் ஜெபிக்கல டீச்சர். நீங்க ஜெபிச்சதுல வந்திருக்கும்.”

டீச்சர் தெருப்பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் ஜெபிக்கல பிரதர்” என்றார். “அதான் நீங்க ஜெபிக்கிறீங்களே, ரெண்டு பேர் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இருவரும் பூனையைப் பார்த்தார்கள். பூனை கொட்டாவி விட்டது.

“அப்படின்னா யாருமே கேக்காம ஆண்டவர் அதுபாட்டுக்கு அனுப்பி வச்சாரா?” என்றார் டீச்சர்.

“குட்டிங்களையும் சேர்த்து!”

டீச்சருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அறுபது வயதுப் பெண்மணி, வகுப்பில் யாராவது இருமினாலே முறைப்பவர், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஸ்தோத்திரக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், பூனை வந்ததற்கு ஒரு நன்றியாவது சொல்லிவிடலாம் என்று கண்ணை மூடினார்கள். ஜெபம் ஒரு நிமிடம்கூட இல்லை. நடுவில் ஒரு குட்டி அவர் காற்சட்டையில் ஏறி முழங்கால்வரை வந்துவிட்டது. ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது தான் என்ன சொல்லுகிறோம் என்று அவருக்கே கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்தபோது கால் கனம் பாதி குறைந்திருந்தது. ‘இவ்வளவுதானா!’ என்று தோன்றியது. அடுத்த வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினார்.

ஆனால் எல்லாமே பூனையாக இருக்குமா? தபால்காரரை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிப்படியில் பிடித்தார். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவர் விஷயத்தைச் சொன்னதும் தபால்காரர் சிரிக்கவில்லை. பையைத் தரையில் வைத்தார்.

“தினமும் இந்தப் படியேறுவேன் தம்பி. ஏறும்போது வலிக்கும். ‘நமக்காக ஒருத்தர் ஜெபிச்சுக்கிட்டு இருக்கார், ஏறிடலாம்’னு நினைச்சுக்கிட்டே ஏறுவேன்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் ஸ்தோத்திரக்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘அன்பும் இரக்கமும் நீடிய சாந்தமும்’ என்று தொடங்க வாயெடுத்தார். நாக்கில் நின்றுவிட்டது. என்ன கேட்பதென்றே தெரியவில்லை. முழங்கால் என்பதைத் தவிர அவருக்கு ஒரு விவரமும் தெரியாது. சீட்டில் ஐந்து விவரம் இருந்தாலே திருப்பி அனுப்புகிற ஆள் அவர்!

“எப்போதிலிருந்து வலி?” என்று கேட்டார்.

“மழைக்காலத்துல விழுந்தேன்ல, அதிலிருந்து.”

“ஏறும்போது அதிகமா, இறங்கும்போதா?”

“இறங்கும்போது. யாருமே நம்பமாட்டாங்க. இறங்கும்போதுதான் உயிர் போகும்.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“பயமா இருக்கு தம்பி. உட்காரச் சொல்லிட்டா? பையைப் புடுங்கிட்டா?”

ஆக, வலித்தது முழங்கால் மட்டும் இல்லை. ஸ்தோத்திரக்காரர் தபால்காரரின் இடது முழங்காலில் கை வைத்து, இறங்கும்போது வலிக்கிறது என்றும், டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது என்றும், இந்த வேலை போய்விடக்கூடாது என்றும், கேட்டதை அப்படியே ஆண்டவரிடம் சொன்னார். பிறகு பையைத் தான் தூக்கிக்கொண்டு ஐந்தாவது மாடிவரை கூடவே போனார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் தானும் வருவதாகச் சொன்னார். தபால்காரர் கீழே இறங்கும்போது, “நாளைக்கும் ஜெபிப்பீங்கல்ல?” என்று கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் விடிந்துவிடும். பேருந்துப் பணிமனையில் பஸ் டிரைவர் இவரைப் பார்த்ததும், “யாரு எழும்பினாங்க?” என்று பதறினார். இவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நானே உங்ககிட்ட வரணும்னு இருந்தேன். உங்க பல்வலிக்கு ஜெபிக்கிறேன்னு சொன்னேன்ல? சொன்னதோட சரி.”

“அந்தப் பல்லைப் புடுங்கியே ரெண்டு வருஷம் ஆச்சு!”

“பாத்தீங்களா, அதுகூட எனக்குத் தெரியல!”

இரண்டு பேரும் காலியாக நின்ற பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். அம்மாவை இழந்த தன் மனைவி வீட்டில் சாப்பிடாமல் கிடப்பதைப் பஸ் டிரைவர் அப்போதுதான் சொன்னார். கடையில் அவர் முகம் வாடியிருந்தது அதனால்தான். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இவர்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். கண்ணைத் திறந்தால் பஸ் பாதி நிரம்பியிருந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, “ஆமென். வண்டியை எடுங்க” என்றார்.

பாஸ்டர் ஐயாவோ இவர் சொன்னதைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். “பிரதர், ஜெபிக்க வேண்டியவங்க பேரையெல்லாம் நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்” என்றார் மெதுவாக. “நோட்டைத்தான் காணோம். மூணு மாசமாச்சு. காணாம போச்சுங்கறதே நேத்துத்தான் தெரிஞ்சுது.” இருவரும் அலமாரிக்கு அடியில் முழங்காலிட்டுத் தேடினார்கள். நோட்டு கிடைக்கவில்லை. முழங்காலிட்டது வீண்போக வேண்டாம் என்று அங்கேயே ஜெபித்துவிட்டு எழுந்தார்கள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் முப்பது சீட்டும் முடிந்தன. மூன்று வீட்டில் திட்டு வாங்கினார். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, வாசலில் நின்றே ஜெபித்துவிட்டு வந்தார். மற்ற வீடுகளில் எல்லாம் யாரோ யாருக்கோ செய்யாத ஜெபம் ஒன்று வெளியே வந்தது. தெருவில் நடக்கும்போது அவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த முகங்களில், சட்டைக் காலருக்கு மேலே இருப்பதை இப்போதுதான் பார்த்த மாதிரி இருந்தது. வழியில் தெரியாத ஒருவர் தும்மினார். “என்ன சளியா? எப்போதிலிருந்து?” என்று நின்று விசாரித்தார். அந்த மனிதர் பயந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

அதே துள்ளலோடு கடைக்குள் நுழைந்து, “முப்பதும் டெலிவரி!” என்று கத்தினார்.

மனைவி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கைதட்டுவாள், கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்க முயன்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அவர் கவனித்தார். ஒரு வாரமாக இவ்வளவு சிரித்தவள், இந்த மதியம் அவர் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். விளையாட்டுக்கு அப்பால் அவளுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது முகத்தில் தெரிந்தது.

அவர் மேசைக்கு இந்தப் பக்கம், வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்றார்.

“ஒண்ணாம் எண்” என்றார். “யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஞாபகம் இல்ல. நீ என்ன கேட்டேன்னே எனக்குத் தெரியல. மன்னிச்சிடு.”

அவள் கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

“பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை வந்த அன்னைக்கு” என்றாள். “இருபத்தாறு உருப்படி. நீங்க இங்கே நின்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்குக் காலையில நான் முழங்கால்ல நின்னு பாத்தேன். ஒண்ணுமே வரல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். கண்ணை மூடினா வெறும் இருட்டு. பாட்டுப் பாடினா வாய் மட்டும் அசையுது. பயந்துபோய் உங்ககிட்ட வந்து, ‘எனக்கு ஜெபமே வரமாட்டேங்குதுங்க, எனக்காக நீங்க ஜெபிங்க’ன்னேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

அவள் தயங்கினாள். பிறகு அவர் குரலிலேயே சொன்னாள்.

“‘பதினேழு, ஜெபத்துல வச்சிருக்கேன், பதினெட்டு.’”

மடித்து வைத்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

“அதுக்கப்புறம் ஒரு வருஷமா இப்படியே இருக்கேன். வாரம் தவறாம சபைக்கு வர்றேன், உங்க பக்கத்துல நிக்கிறேன், யாருக்கும் தெரியாது. நீங்க ஜெபிச்சுக்கிட்டு இருக்கீங்க, சரியாயிடும்னு இருந்தேன். திங்கட்கிழமை அந்த மாமியார் விஷயம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சு முடிச்சதும்தான் தோணிச்சு, அப்ப என்னோடதும் இப்படித்தான் இருக்கும்னு.”

ஸ்தோத்திரக்காரர் வாசலுக்குப் போனார். சனிக்கிழமை மதியம், கடை நிரம்பி வழியும் நேரம். ‘மூடியிருக்கிறது’ என்ற அட்டையைத் திருப்பி மாட்டினார். திரும்பி வந்து, ஓடிக்கொண்டிருந்த சலவை இயந்திரத்தை நிறுத்தினார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார், தான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

“எப்போதிலிருந்து?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் மேலும் கேட்டார். என்ன நடந்ததிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், யாரிடமாவது சொன்னாயா, கோபமா, பயமா. அவள் ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னாள். வெளியே இரண்டு பேர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் திரும்பவில்லை. இருபத்தாறு வருடம் ஒன்றாக வாழ்ந்தவளிடம், துணியைப் பற்றி விசாரிக்கிற அளவுக்குக்கூட அவர் இதுவரை விசாரித்ததில்லை.

பிறகு கண்ணை மூடினார்.

“அன்பும் இரக்கமும்...” என்று வந்தது. நிறுத்திவிட்டார்.

“ஆண்டவரே, இவளுக்கு ஜெபம் வரல” என்றார். “எனக்கும் வரல. இவளுக்கு வரலைன்னு இவளுக்கு ஒரு வருஷமாத் தெரியுது. எனக்கு எத்தனை வருஷமா வரலைன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இவளே பரவாயில்ல. இவ பயந்துபோய் வந்து கேட்டா. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன்...”

அதற்கு மேல் வார்த்தை இல்லை. இருபது நிமிடம் தங்குதடையில்லாமல் ஜெபிக்கும் மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடினார். மூக்கு ஒழுகியது. கைக்குக் கிடைத்த துணியை எடுத்துத் துடைத்தார். அது யாரோ ஒருவரின் வெள்ளைப் பட்டுச் சட்டை.

“ஐயோ, அது பட்டுங்க!” என்றாள் மனைவி.

அவர் திடுக்கிட்டுச் சட்டையைப் பார்த்தார். மூக்கிலிருந்து வந்ததெல்லாம் மார்புப் பையின் மேல் அப்பியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் கடைக்குள் விழுந்த முதல் கறை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. எது சிரிப்பு, எது அழுகை என்று பிரிக்க முடியாமல் முக்காலியிலிருந்து சரிந்து, அவருக்குப் பக்கத்தில் மூட்டையின் மேல் விழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் சிரித்தாள்.

“ஆண்டவரே!” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “இந்த ஆளைக் கொஞ்சம் பாரும்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது. யாரோ கதவை மூன்றாவது முறையாகத் தட்டினார்கள்.

“உனக்கு வந்துடுச்சு” என்றார் அவர், கிசுகிசுப்பாக.

“சும்மா இருங்க” என்றாள் அவள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு.”